புதன்கிழமை வராதவர்கள்

பிப்ரவரி 3, திங்கள்

பதினோரு வருஷ உழைப்புக்கு இன்று ஒரு எண் கிடைத்தது. ஒன்று புள்ளி ஒன்று.

மூடுபுத்தக வகுப்புகளின் சராசரி இருபதுக்கு 13.8. மறுவாசிப்பு வகுப்புகளுக்கு 12.7. பத்து வகுப்புகளில் ஒவ்வொரு புதன்கிழமையும் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த வாரம் படித்ததைப் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதினார்கள். மார்க் கிடையாது, திட்டு கிடையாது. இன்னொரு பத்து வகுப்புகளில் அதே பத்து நிமிடம் அதே பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். ஆறு வாரம் விட்டு எல்லோருக்கும் ஒரே தேர்வு. படித்ததையே படிப்பதைவிட, நினைவிலிருந்து தோண்டி எடுப்பதுதான் மனதில் தங்கும் என்று நான் தொண்டை கிழியச் சொல்லிவந்தது சரி என்று ஆகிவிட்டது. முறையும் என்னுடையது, பெயரும் நான் வைத்தது.

இயக்குநர் கேக் வாங்கிவரச் சொன்னார். எங்கள் ஆய்வு மையத்தில் அவருக்குச் சராசரி என்று பட்டப்பெயர். யாரோ தனக்குக் குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னபோது, எடை எவ்வளவு, சராசரிக்கு மேலா கீழா என்று கேட்டவர். இன்று என் முதுகில் தட்டினார். பதினோரு வருஷத்தில் முதல் தட்டு.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டியூஷன் சென்டர் நடத்துகிறவர். ஒரே கணக்கை நாற்பது தடவை போடவைத்துப் பிள்ளைகளைத் தேற்றுகிறவர். "ஒரு மார்க்குக்கா பதினோரு வருஷம்? எங்கிட்ட விட்டிருந்தா ஒரே மாசத்துல அஞ்சு மார்க் ஏத்தியிருப்பேன்" என்றார். சிரித்தேன். அவருக்கென்று எடுத்துவந்த கேக்கை நானே தின்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மார்ச் 31-ல் என் ஒப்பந்தம் முடிகிறது. வருஷா வருஷம் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டிய பிழைப்பு. இந்த முறை நிரந்தர இடம் ஒன்று காலி. நேர்முகம் மார்ச் 28. சராசரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் நடக்கும்.

பிப்ரவரி 12, புதன்

மீதி விடைத்தாள் கட்டுகளை எடுக்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கேட்டருகே ஸ்கூல் வேன் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களை மாதக்கணக்காகப் பார்த்துப் பழகியவர்.

"உங்க டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சுபோச்சாமே மேடம்? இன்னைக்கு வண்டி ஃபுல்லு."

புரியவில்லை, என்ன என்று கேட்டேன்.

"நீங்க நடத்தினப்ப புதன்கிழமைன்னா ஏழெட்டு சீட்டு காலியா வரும். ஒருத்தனுக்கு வயித்து வலி, ஒருத்திக்குத் தல வலி. வியாழக்கிழமை எல்லாம் குணமாயிடும். என்ன நோயோ, கிழம பாத்து வருதேன்னு எங்க வீட்டுல சொல்லிச் சிரிச்சேன்."

நானும் சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

பிப்ரவரி 13, வியாழன்

எண்ணினேன்.

இறுதித் தேர்வு எழுதாதவர்கள்: மறுவாசிப்பு வகுப்புகளில் பதினேழு பேர். மூடுபுத்தக வகுப்புகளில் ஐம்பத்தெட்டு.

இறுதித் தேர்வும் புதன்கிழமைதான். தேர்வு எழுதாத பிள்ளையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. கணினி ஒரு நொடியில் நீக்கிவிட்டது. நீக்கியதை நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் கண் முன்னால் இருந்தது சராசரி மட்டும்தான், எண்ணாகவும் ஆளாகவும்.

அந்த ஐம்பத்தெட்டு பேரின் பழைய மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அடிமட்டம். வகுப்பில் படிக்கக் கஷ்டப்படும் பிள்ளைகள் கழன்றுகொண்டால் மிச்சமிருப்பவர்களின் சராசரி ஏறத்தானே செய்யும்? இதற்கு ஆராய்ச்சி வேண்டுமா? நானே ஐம்பத்தெட்டு பேரை வெளியே அனுப்பிவிட்டு, பார், வகுப்பு முன்னேறிவிட்டது என்று கேக் வெட்டியிருக்கிறேனா?

தெரியாது. இன்னும் தெரியாது. அவசரப்படாதே.

பிப்ரவரி 14, வெள்ளி

சராசரியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வராதவங்கள நாம என்ன பண்ண முடியும்? நீக்கணும்ங்கற விதி ஆரம்பத்துலயே எழுதினது. எழுதினது யாரு?"

நான்தான். என் கையெழுத்தோடு கோப்பில் இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் வாயைக் கொடுத்தேன். முழுதும் கேட்டார். கேலி செய்யவில்லை. பிறகு சொன்னார்: "சென்டர்ல ஒரு பையன் ரெண்டு நாள் வரலன்னா அவன் வீட்டுக்குத்தான் முதல் போன் போடுவேன். வந்தவன் எப்படியும் படிப்பான். வராதவன்தான என் கவலை."

எம்.ஏ., பிஎச்.டி. எல்லாம் வாங்கிய எனக்கு இது தோன்றவில்லை. அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. காபி டம்ளரை நங்கென்று வைத்தேன். அவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றுமில்லை. அதனால்தான் ஆத்திரம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பள்ளி எழுத்தர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி முகவரிகள் வாங்கினேன். வராத பிள்ளைகள் வீட்டுக்கே போய் அதே வினாத்தாளைக் கொடுத்து எழுதவைக்கப்போகிறேன். மூடுபுத்தகத்தின் ஐம்பத்தெட்டு, மறுவாசிப்பின் பதினேழு, ஒருவர் விடாமல். மையத்தில் சொல்லவில்லை. லீவு போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

ஒன்பது வீடுகள். நான்கு பூட்டு. ஒரு அப்பா என்னை டியூஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று நினைத்து, வாசலிலேயே "வேணாம்மா, வேணாம்மா" என்று கையை ஆட்டினார். கால் வீங்கிவிட்டது.

மார்ச் 1, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எனக்கே பிறகு மறந்ததாகப் பாசாங்கு செய்யத் தோன்றும்.

பட்டியலில் முப்பத்தொன்று. பதினோரு வயதுப் பெண். டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. அம்மா ஃபாக்டரியிலிருந்து மூட்டையாக வந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி போடும் மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். பெண் வினாத்தாளை எடுத்தவுடன் அதன் மூலைகளை நீவி நீவிச் சரிசெய்தாள். நாற்பது நிமிடம் உட்கார்ந்தாள். இருபதுக்கு மூன்று.

எழுதி முடித்ததும் கேட்டேன், புதன்கிழமைகளில் ஏன் வரவில்லை என்று.

"உடம்பு சரியில்ல மிஸ்."

"பொய் சொல்லாதடி" என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி.

"டீச்சர் திட்டினாங்களா?"

"இல்ல மிஸ். அவங்க நல்லவங்க."

"மார்க் போட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன என்ன பயம்?"

வினாத்தாளின் மூலையை மறுபடி நீவினாள். பிறகு சொன்னாள்: "எழுதி முடிச்சவங்க பேனாவ மூடி மேசமேல வைக்கணும் மிஸ். முதல்ல ஒண்ணு ரெண்டு சத்தம் கேக்கும். அப்புறம் டக்கு டக்குனு எல்லாப் பக்கமும் கேக்கும். கடைசில நான் மட்டும் திறந்து வச்சிருப்பேன். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"நீயும் மூடி வச்சிட்டு உட்கார வேண்டியதுதானம்மா?"

"எழுதாம எப்படி மிஸ் மூடுறது? முடிச்சவங்க மட்டும்தான்னு டீச்சர் புக்கப் பாத்துப் படிச்சாங்களே."

படியிறங்கும்போது கைப்பையிலிருந்து ஆசிரியர் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய கையேடு. நான்காம் பக்கம், ஏழாவது குறிப்பு: எழுதி முடித்தவர்கள் மட்டும் பேனாவை மூடி மேசைமேல் வைக்கவும். ஆசிரியர் நேரத்தைக் குறித்துக்கொள்வார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க ஆசைப்பட்டு எழுதியது. மார்க் வேண்டாம், பயம் வேண்டாம் என்று மூன்று பக்கம் பிரசங்கம் செய்துவிட்டு, நாலாம் பக்கத்தில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவே யாருக்குத் தெரியவில்லை என்று பறை அடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்த நேரக் கணக்கை நாங்கள் எதற்கும் பயன்படுத்தவே இல்லை. அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. சும்மா. சும்மா கேட்டது!

மார்ச் 3, திங்கள்

மேலும் ஏழு பேர். ஆறு பேர் பேனாவைச் சொன்னார்கள். பேனாவைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை, அவர்களாகச் சொன்னார்கள். ஏழாமவனுக்கு நிஜமாகவே அம்மை.

மார்ச் 14, வெள்ளி

முடித்தேன். மூடுபுத்தகத்தின் ஐம்பத்தெட்டில் நாற்பத்துநான்கு பேர் கிடைத்தார்கள். மறுவாசிப்பின் பதினேழில் பதின்மூன்று. சேர்த்துக் கணக்குப் போட்டேன்.

மூடுபுத்தகம் 12.6. மறுவாசிப்பு 12.6.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நாற்பது தடவை போட்டாலும் அதேதான் வரும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 17, திங்கள்

இதுவரை செய்ததையெல்லாம் சராசரியிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். அந்தப் பொறுமைக்காக அவரை மதிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

"வீட்டுல, அம்மா பக்கத்துல உட்கார்ந்து எழுதினதும் வகுப்புல எழுதினதும் ஒண்ணாகுமா?" என்றார். நியாயமான கேள்வி. "சரி, உங்க வழிக்கே வர்றேன். முறை தப்பா, ஒரு வரி தப்பா?"

"ஒரு வரி சார்."

"அப்ப அந்த வரிய எடுத்துட்டா போச்சு."

"எடுத்துட்டு இன்னொரு வருஷம் நடத்திப் பாக்கணும் சார். இப்ப இருக்கற ஆதாரம் எதையும் காட்டல."

"எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு முறை வேணும்னு கேக்கற கல்வித் துறை இன்னொரு வருஷம் காத்திருக்குமா? நாம அறிக்கை கொடுக்கலன்னா எவனோ ஒரு கம்பெனிக்காரன் பாடம் நடத்தற டேப்லெட்ட அவங்க தலையில கட்டிடுவான். அதுக்கு இது எவ்வளவோ மேல். கஷ்டப்பட்டுப் பெத்த பிள்ளைய நீங்களே கிணத்துல தள்ளாதீங்கம்மா."

பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல: "இருபத்தெட்டாம் தேதி நேர்முகத்துல இந்த அறிக்கைதான் உங்க பலம்."

மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். மிரட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். வந்திருப்பேனா?

மார்ச் 18, செவ்வாய்

நேர்முகத்துக்குப் பயோடேட்டாவைத் திருத்தி எழுதினேன்.

மார்ச் 20, வியாழன்

ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். வராதவர்களைப் பற்றி அறிக்கையில் ஒரு முழுப் பக்கம், என் அட்டவணையோடு. கையேட்டிலிருந்து ஏழாவது குறிப்பு நீக்கப்படும். சராசரி எல்லாவற்றுக்கும் சரி என்றார். இது தப்பில்லை. உண்மை அறிக்கைக்குள் இருக்கிறது, படிக்கிறவர் படித்துக்கொள்ளட்டும். நேர்மையும் போகவில்லை, வேலையும் போகவில்லை.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

மார்ச் 24, திங்கள்

அறிக்கை நீளமாகிவிட்டதாம். முழுப் பக்கம் ஒரு பத்தி ஆனது. அட்டவணை போயிற்று.

மார்ச் 26, புதன்

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிட்டது. பத்தியும் போய் இப்போது ஒரே வாக்கியம், அதுவும் கடைசியில் நான்காம் இணைப்பில்: "சில வகுப்புகளில் வருகையில் மாறுபாடு காணப்பட்டது."

காணப்பட்டதாம். யார் கண்டது? நான் கண்டேன். மூன்று வாரம் செருப்புத் தேய நடந்து கண்டேன். டயர் கடை மாடியில் ஒரு பெண் என் முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்களுக்குப் பூசணிக்காயைவிடச் சின்னதாக ஒரு வாக்கியம் போதுமாக இருக்கிறது.

சண்டை போடப் போனேன். சராசரி அறையில் துறை அதிகாரிகள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று, "இவங்கதான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் வணக்கம் சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன். சண்டை போட வந்தவள், தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 27, வியாழன்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். அவர், "நீ போட மாட்டேன்னு நினைச்சேன்" என்றார். அவ்வளவுதான். பதினோரு வருஷம் என் ஆராய்ச்சியைக் கிண்டல் செய்த மனுஷன், என்னைப் பற்றி உள்ளுக்குள் இப்படி ஒரு மரியாதை வைத்திருந்தார் என்பது அது போன அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

உங்களுக்கென்ன, சொந்த சென்டர், யார் கிட்டயும் கை கட்டி நிக்க வேணாம், நாப்பத்தேழு வயசுல வருஷா வருஷம் பயோடேட்டாவத் தூக்கிட்டு நிக்கறவளுக்குத்தான் தெரியும் — கத்தினேன். அவர் தட்டுகளைக் கழுவப் போய்விட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

நிரந்தரம். கடிதம் வந்துவிட்டது. ஜன்னல் வைத்த அறை.

மே 21, புதன்

கையேடு அச்சாகி வந்தது. கனமான தாள், நான்கு வண்ணம், ஆயிரத்து இருநூறு பள்ளிகளுக்கு. நேராக நான்காம் பக்கத்தைப் புரட்டினேன். ஏழாவது குறிப்பு அப்படியே இருக்கிறது. பழைய கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போதாக்குறைக்குப் பக்கத்தில் ஒரு படம் வேறு: பையன் ஒருவன் மூடிய பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

சராசரியிடம் ஓடினேன். "அடடா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பலாம் சார் என்றேன். ஆரம்பத்திலேயே திருத்தம் அனுப்பினால் துறைக்கு நம்பிக்கை போய்விடும் என்றார். நான் வற்புறுத்தவில்லை. அதைத்தான் இங்கே எழுத வேண்டும். அவர் மறுத்தார் என்று அல்ல, நான் வற்புறுத்தவில்லை என்று.

ஜூன் 2, திங்கள்

முதல் கட்டமாக எண்பது பள்ளிகளில் தொடங்கிவிட்டது.

ஜூன் 18, புதன்

ஆசிரியர் பயிற்சி. பெரிய அரங்கம், நூற்றெண்பது பேர், நல்ல மைக். சராசரி முன்வரிசையில். இரண்டு மணிநேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், நான்கு இடத்தில் சிரித்தார்கள். 13.8, 12.7 என்று திரையில் போட்டபோது பலர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் ஓர் ஆசிரியை எழுந்தார். முப்பது வயது இருக்கும். மைக் பழக்கமில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் ரெண்டு வாரமா நடத்திட்டிருக்கேன் மேடம். புதன்கிழமையானா ஆறு பிள்ளைங்க வர்றதில்ல. ரெண்டு வாரமும் அதே ஆறு பேர். வீட்டுக்குப் போய்க் கேட்டா உடம்பு சரியில்லங்கறாங்க. நான் அதட்டுறதுகூட இல்ல மேடம். கையேட்டுல இருக்கற மாதிரிதான் ஒவ்வொரு வரியா செய்யறேன். நான் எங்க தப்பு பண்றேன்?"

எனக்குப் பதில் தெரியும். எங்கள் மையத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் அந்த அரங்கத்தில்தான் இருந்தோம். இன்னொருவர் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்தத் தப்பும் பண்ணல" என்றேன். "எந்த வகுப்புலயும் நாலஞ்சு பேர் வராம இருக்கறது சகஜம். அதப் பெருசா எடுத்துக்காதீங்க. வந்த பிள்ளைங்கள வச்சு நடத்துங்க."

"சரிங்க மேடம், ரொம்ப நன்றி" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. உட்கார்ந்து, நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். பக்கத்திலிருந்தவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது. எட்டிப் பார்த்து அவரும் எழுதிக்கொண்டார்.